பல மொழி பேசும் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆங்கிலம் கற்பிப்பது எப்படி: புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு சிறுமி ஏழு வாரம் வாயே திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். எட்டாவது வாரம், மழை எப்படிப் பெய்கிறது என்பதைப் படமாக வரைந்து பெயர்களைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். எல்லாரிடமும் தாளை வாங்கிக்கொண்டு கடைசியாக அவளிடம் வந்தேன். கடல், அதிலிருந்து மேலே போகும் அம்புக்குறிகள், மேகம், மலை, ஆறு எல்லாம் இருந்தன. மண்ணுக்கு அடியில் ஓடும் நீரைக்கூட வரைந்திருந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வலமிருந்து இடமாக, தன் வீட்டு மொழியில், குண்டு குண்டான கையெழுத்தில் பெயர். நிலத்தடி நீரை வகுப்பில் வேறு யாருமே குறிக்கவில்லை. ஏழு வாரமாக அவள் பெயரை நான் 'பின்தங்கியவர்கள்' பட்டியலில் வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாதது ஆங்கிலம் ஒன்றுதான்.

வெவ்வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து உட்காரும் வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நாளுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்கி, உங்களுக்கு எது எப்போது தேவைப்படுமோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் மணி அடிப்பதற்கு முன்: ஆளுக்கு ஒரு தாள்

வகுப்புப் பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். வீட்டில் யாருடன் எந்த மொழி பேசுகிறது? அம்மாவிடம் ஒன்று, பாட்டியிடம் வேறொன்று என்றும் இருக்கும். எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும்? இதுவரை எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போயிருக்கிறது, நடுவில் படிப்பு நின்றதா? கேட்பதிலோ பார்ப்பதிலோ சிரமம் உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இவற்றில் இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஒரு மொழியைப் பேசுகிற பிள்ளைக்கு அதைப் படிக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஏதோ ஒரு எழுத்தில் சரளமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, எழுத்து ஒலியைக் குறிக்கிறது, வரி ஒரு திசையில் ஓடுகிறது, பத்தி ஒரு கருத்தைச் சொல்கிறது என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். அதற்குப் புதிய எழுத்துகளைக் காட்டினால் போதும். எந்த மொழியிலும் படித்திராத பிள்ளை, படிப்பது என்பதையே இனிமேல்தான் கற்க வேண்டும், அதுவும் தனக்குத் தெரியாத மொழியில். இருவரையும் 'ஆங்கிலம் தெரியாதவர்கள்' என்று ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே தாளைக் கொடுத்தால் இருவருக்குமே அநியாயம் செய்கிறோம்.

அந்தத் தாளின் உச்சியில் பெயரை எழுதுங்கள், பிள்ளையின் வாயிலிருந்து கேட்டு. சீனம், கொரியம், வியட்நாமியம், ஹங்கேரியம் ஆகிய மொழிகளில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பதிவேட்டைப் பார்த்து நீங்கள் கூப்பிடுவது ஒருவேளை அப்பாவின் பெயராக இருக்கலாம். கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு வீட்டில் நாலு தரம் சொல்லிப் பாருங்கள். நம் பெயரில் உள்ள 'ழ'வை வெளியாள் ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! அதே சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கும் உரியது. வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்காதீர்கள். பிள்ளையே கேட்டால் மட்டும் சுருக்கலாம்.

முதல் வாரம்

முதல் வாரத்தில் இலக்கணம் வேண்டாம். கழிவறைக்குப் போகலாமா, உடம்பு சரியில்லை, புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள், உதவி வேண்டும் ஆகிய ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். படத்தோடு சின்ன அட்டைகளாகச் செய்து மேசையில் ஒட்டிவிடுங்கள். வாய் வராத நாளில் அட்டையைக் காட்டினால் போதும். அப்புறம், அன்றைய நேர அட்டவணையைப் படங்களோடு பலகையின் ஒரே மூலையில் தினமும் எழுதுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். பயம் குறையாத மனத்தில் மொழி ஏறாது.

புதுப் பிள்ளைக்கு அதே மொழி பேசும் துணை ஒருவர், வேறு மொழி பேசும் துணை ஒருவர் என்று இருவரைச் சேர்த்துவிடுங்கள். முதலாமவர் விளக்குவார். இரண்டாமவரோடு பேச ஆங்கிலம் தேவைப்படும்.

உங்கள் பேச்சை முதலில் மாற்றுங்கள்

புதிய ஆசிரியர்கள் பாடத்திட்டத்தைத் தயாரிக்க மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். தாங்கள் வகுப்பில் எப்படிப் பேசுகிறோம் என்பதை யோசிப்பதில்லை. என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்த மாற்றம் இதில்தான் இருந்தது.

புரியவில்லை என்றதும் குரலை உயர்த்துவது நம் எல்லாருக்கும் பழக்கம். பிள்ளைக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டாமல் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்ததற்குப் போங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். 'புத்தகத்தை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து மூன்றாவது கேள்விக்கு எதிர்ப்பக்கத்தில் பதில் எழுதுங்கள்' என்பதில் நான்கு வேலை இருக்கிறது. புத்தகத்தை உயர்த்திக் காட்டுங்கள். திறங்கள். '12' என்று பலகையில் எழுதுங்கள். கேள்வியில் விரல் வையுங்கள். சொல், சைகை, எழுத்து மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

எளிமையாகப் பேசுகிறேன் என்று உடைந்த ஆங்கிலம் பேசாதீர்கள். 'யூ, பென், டேக்' என்று சொன்னால் பிள்ளை அதைத்தான் கற்கும். 'டேக் யுவர் பென்' என்பதும் சின்ன வாக்கியம்தான், இலக்கணமும் முழுசாக இருக்கிறது.

மரபுத்தொடர்களைக் கவனியுங்கள். 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்' என்று சொன்னால் பிள்ளை கேக் எங்கே என்று தேடும். இரட்டைச் சொல் வினைகள் இன்னும் மோசம். 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' மூன்றிலும் 'புட்' இருக்கிறது, பொருள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'புட் அவுட்' எளிது, 'எக்ஸ்டிங்குவிஷ்' கடினம் என்று நமக்குத் தோன்றும். ஸ்பானியம் பேசும் பிள்ளைக்கு நேர்மாறு, ஏனென்றால் அணைப்பது அதன் மொழியில் 'எக்ஸ்டிங்கிர்'. எது எளிது, எது கடினம் என்பதைப் பிள்ளையின் மொழிதான் தீர்மானிக்கிறது.

அடுத்தது காத்திருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களின் தொடக்கத்தில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இரண்டாம் மொழியில் பதில் சொல்லும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது. அது கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோக வேண்டும், பதிலைத் தேட வேண்டும், அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும், உச்சரிப்பை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும், பிறகு கை தூக்கத் துணிய வேண்டும். அதற்குள் முன்வரிசையில் யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். ஆகவே கேள்வி கேட்டபின் மனத்துக்குள் எட்டு வரை எண்ணுங்கள். அதுவரை யாரும் கை தூக்கக் கூடாது என்று விதியே வைத்துவிடுங்கள். முதல் சில நாள் அந்த அமைதி சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். புரியாத பிள்ளையும் தலையாட்டும். ஆட்டும் விதமும் ஊருக்கு ஊர் மாறும். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைப்பது வழக்கமாக மறுப்பைக் குறிக்கும். 'முதலில் என்ன செய்யப் போகிறாய், காட்டு' என்று கேளுங்கள். கை செய்வதைப் பார்த்தால் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பேசாத பிள்ளையை எப்படி நடத்துவது

புது மொழிச் சூழலுக்குள் வந்த பிள்ளைகள் பலர் சில வாரம், சில சமயம் சில மாதம் பேசாமல் இருப்பார்கள். ஸ்டீபன் கிராஷன் போன்ற மொழியியலாளர்கள் இதை மௌன காலம் என்று குறிப்பிட்டார்கள். கைக்குழந்தை பேசத் தொடங்கும் முன் ஓராண்டு கேட்டுக்கொண்டிருக்கிறதே, அதைப் போலத்தான். இந்தக் காலத்தில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி எல்லார் முன்னாலும் பேசவைக்க முயலாதீர்கள். அப்படியே கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள்.

கேள்வியின் உயரத்தை மாற்றினால் பேசாத பிள்ளையும் பதில் சொல்ல முடியும். முதலில் 'ஆற்றைத் தொட்டுக் காட்டு' என்று கேளுங்கள். பிறகு 'இது ஆறா?' என்று கேட்டால் தலையசைப்பு போதும். அடுத்து 'இது ஆறா, மலையா?' என்று கேளுங்கள். பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துச் சொன்னால் போதும். அதற்கப்புறம்தான் 'இது என்ன?', கடைசியாக 'ஏன்?'. ஒரே பாடத்தில், ஒரே படத்தை வைத்து, ஐந்து பிள்ளைகளிடம் ஐந்து உயரத்தில் கேட்கலாம். கட்டளை கேட்டு உடலால் செய்யும் விளையாட்டுகளும் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தம். ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்.

சில மாதம் கடந்தும் எதற்குமே அசைவில்லை, வீட்டிலும் பேசுவதில்லை என்றால் விஷயம் வேறு. காது சோதனை செய்யச் சொல்லுங்கள், பள்ளியில் ஆலோசகர் இருந்தால் தெரிவியுங்கள். பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'வீட்டில் உங்கள் மொழியில் நன்றாகப் பேசுகிறதா?' என்பதைத்தான். அங்கே வாயாடியாக இருந்தால் கவலை வேண்டாம்.

வீட்டு மொழியை வாசலில் நிறுத்தாதீர்கள்

'இங்கே ஆங்கிலம் மட்டும்' என்று எழுதிய பலகைகளைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். வைத்தவர்களின் எண்ணம் நல்லதுதான், அதிகம் கேட்டால் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளை யோசிக்கும் மொழியைப் பிடுங்கிவிட்டால் யோசனையும் நின்றுபோகும். மூன்று வாக்கியம் சொல்லத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வாக்கிய யோசனைதான் ஓடும்.

இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். ஒரு மொழியில் பெற்ற அறிவும் படிப்புத் திறனும் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பது அவர் வாதம். காரண காரியம் சொல்லத் தமிழில் கற்ற பிள்ளை அதை ஆங்கிலத்தில் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை, அதற்கான ஆங்கிலச் சொற்கள் கிடைத்தால் போதும். வேல்ஸ் நாட்டில் சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994இல் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பாடத்தில் திட்டமிட்டுப் பயன்படுத்தும் முறைக்கு ஒரு பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று இன்று பரவியிருப்பது அதுதான். ஒரு மொழியில் படித்து, இன்னொன்றில் பேசி, எழுதுவது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். எழுதச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம், ஒரே மொழி பேசுபவர்கள் தங்கள் மொழியிலேயே பேசித் திட்டமிடட்டும். உங்களுக்கு அந்த மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். என்ன பேசினார்கள் என்பது கடைசியில் ஆங்கிலத்தில் வெளிவரும். தனியாக ஒரு மொழி பேசும் பிள்ளை, குறிப்புகளைத் தன் மொழியில் எழுதலாம், படமாக வரையலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் நோட்டு இருக்கட்டும்: ஆங்கிலச் சொல், வீட்டு மொழியில் அதன் பொருள், ஒரு படம், பிள்ளையே அமைத்த ஒரு வாக்கியம். கைப்பேசி மொழிபெயர்ப்பை ஒரு சொல்லுக்குப் பயன்படுத்தட்டும். முழுப் பத்தியையும் அதில் போட்டு எடுத்தால் கற்பது மொழிபெயர்ப்புக் கருவிதான், பிள்ளை இல்லை.

ஒலி ஒத்த சொற்களில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. ஸ்பானிய 'எம்பரசாதா' காதுக்கு 'எம்பாரஸ்டு' போலவே இருக்கும், பொருள் 'கர்ப்பிணி'. இவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பே ஆவலோடு தேடும்.

பெற்றோரிடம் 'வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசுங்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் அம்மா பிள்ளையிடம் என்ன பேச முடியும்? 'சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு' என்பதோடு முடிந்துவிடும். தன் மொழியில் என்றால் கதை சொல்வார், காரணம் சொல்வார், சண்டை போடுவார், சமாதானம் செய்வார். பிள்ளைக்கு அந்த வளமான பேச்சுதான் வேண்டும். எந்த மொழியில் இருந்தாலும் அது நாளைக்கு ஆங்கிலப் பாடத்துக்கு உதவும். இன்னொன்று, பெற்றோர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

ஒரு பாடம், தொடக்கம் முதல் முடிவு வரை

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது, ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். இலக்கு: ஒரு செயலை வரிசையாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், தென், ஃபைனலி' என்ற நான்கு வரிசைச் சொற்கள். 'ஃபோல்ட், டர்ன், ஓப்பன், புல்' என்ற நான்கு வினைகள். 'கார்னர், எட்ஜ், மிடில்' என்ற மூன்று பெயர்கள். பதினொரு சொற்கள் போதும், இதற்கு மேல் வேண்டாம். பொருள்: காகிதக் கப்பல். நேரம் 45 நிமிடம்.

முதலில் நீங்கள் எதுவும் பேசாமல் ஒரு கப்பல் செய்யுங்கள். எல்லார் கண்ணும் உங்கள் கையில் இருக்கும். அடுத்து இன்னொரு தாள் எடுத்து, ஒவ்வொரு மடிப்பையும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பிள்ளைகளும் கூடவே மடிக்கட்டும். 'ஃபர்ஸ்ட், ஃபோல்ட் தி பேப்பர் இன் ஹாஃப்.' நிறுத்துங்கள். எல்லார் தாளும் பாதியானபின், 'நெக்ஸ்ட், ஃபோல்ட் தி கார்னர்ஸ் டு தி மிடில்.' 'கார்னர்' என்று சொல்லும்போது விரல் மூலையில் இருக்கட்டும்.

மூன்றாவது தாளில் உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். யார் கேட்டுச் செய்கிறார்கள், யார் பக்கத்துத் தாளைப் பார்க்கிறார்கள், யாருக்கு 'எட்ஜ்' என்ற சொல் பிடிபடவில்லை எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரியும். ஒரு வார்த்தை பேசாத பிள்ளை பிசகில்லாமல் கப்பல் செய்து முடிப்பதை இந்தக் கட்டத்தில்தான் பார்ப்பீர்கள். அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஜோடி ஜோடியாக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவையுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் மடிக்க வேண்டும். சைகை உதவாது, மொழி மட்டும்தான். ஆசிரியர் 'பேசு' என்று சொல்லத் தேவையில்லாமல் பேச்சு வருகிறது, பேசாவிட்டால் கப்பல் வராது என்பதால். இந்த இடத்தில்தான் தாங்கல், அதாவது தற்காலிக உதவி, தேவைப்படும். ஒருவருக்குப் படமும் சொல்லும் உள்ள அட்டை, இன்னொருவருக்கு 'நெக்ஸ்ட், ஃபோல்ட் தி ____ டு தி ____' என்று பாதி எழுதிய வாக்கியங்கள், மூன்றாமவருக்கு வெறும் நான்கு வரிசைச் சொற்கள். வேலை எல்லாருக்கும் ஒன்றுதான், தாங்கல்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

சொல்லி முடித்தபின்தான் எழுத்து. வாயில் வந்த வாக்கியம் தாளில் வருவது எளிது. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவார்களே, அந்தப் பெயரையே டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கேய்ல் ராஸ் மூவரும் 1976இல் இவ்வகை உதவிக்கு வைத்தார்கள். சுவர் காய்ந்ததும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். அடுத்த வாரம் வேறொரு செயலைச் சொல்லும்போது பாதி வாக்கியங்களை எடுத்துவிட்டு முதல் சொல்லை மட்டும் விடுங்கள். அதற்கடுத்த வாரம் அதையும் எடுங்கள். பிரிக்க மறந்தால் பிள்ளை ஆண்டு முழுக்கக் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பிழையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிள்ளையின் பிழைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அரபியில் ஆங்கில 'p' ஒலி கிடையாது, 'b' ஒலிதான் உண்டு, ஆகவே 'park' என்பது 'bark' ஆகிவிடும், 'paper' என்பது 'baper' ஆகிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடும் அரபி எழுத்தில் இல்லை. ஸ்பானியத்தில் எந்தச் சொல்லும் 'ஸ்' ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்காது, அதனால் 'ஸ்கூல்' 'எஸ்கூல்' ஆகிறது. சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறாது, 'நேற்று' என்று சொன்னால் போதும், ஆகவே 'எஸ்டர்டே ஐ கோ'. மாண்டரின் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி, துருக்கியிலும் பாரசீகத்திலும் ஒரே பிரதிப்பெயர், ஆகவே அக்காவை 'ஹி' என்று சொல்வது கவனக்குறைவால் வருவதில்லை. ரஷ்யத்தில் 'எ', 'தி' இரண்டும் கிடையாது. ஜப்பானியமும் துருக்கியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு 'பின்' (pin), 'பின்' (bin) என்று நம் எழுத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் ஒலியைப் பிரிப்பதே சிரமம், நம் எழுத்து அந்த இரண்டு ஒலியையும் ஒரே 'ப'வில் அடக்கிவிடுவதால்.

உங்கள் வகுப்பில் உள்ள மொழிகளுக்கு இப்படி ஆளுக்கு ஐந்து குறிப்பு தயார் செய்யுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான். கற்பவரின் பிழை அவர் மனத்தில் உருவாகிவரும் மொழி ஒழுங்கைக் காட்டும் சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இலேயே எழுதினார். அந்தக் குறிப்புகளோடு நோட்டைத் திருத்த உட்காரும்போது இது கண்முன் தெரியும்.

எல்லாப் பிழையும் வீட்டு மொழியின் தாக்கத்தால் வருவதில்லை. 'ஷீ வாக்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' எந்த மொழிப் பிள்ளைக்கும் தாமதமாகத்தான் கைவரும். 'வாக்கிங்'கில் உள்ள 'இங்' சீக்கிரம் வரும். இந்த வரிசை பல ஆய்வுகளில் தெரிந்தது. விதி சொல்ல எளிது என்பதால் அந்த 'ஸ்'ஸை முதல் மாதமே கற்பித்துவிட்டு, வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

திருத்தும் விதத்தைப் பற்றி ஒன்று. பிள்ளை 'ஐ கோ பார்க் எஸ்டர்டே' என்கிறது. நீங்கள் கனிவாக 'ஓ, யூ வென்ட் டு தி பார்க்!' என்கிறீர்கள். பிள்ளை 'யெஸ்' என்று சிரிக்கிறது. திருத்தியதாக உங்களுக்கு நினைப்பு, பேச்சு தொடர்ந்ததாகப் பிள்ளைக்கு நினைப்பு. ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு மொழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டதில் இதைக் காட்டினார்கள்: ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான், பிள்ளைகள் மிகக் குறைவாகக் கவனித்ததும் இந்த வகையைத்தான். அதற்குப் பதில் 'எஸ்டர்டே, ஐ...?' என்று இழுத்து நிறுத்திக் காத்திருங்கள். தானே 'வென்ட்' என்று சொன்னால் அது தங்கும். சொல்ல வரவில்லை என்றால் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

எழுத்தில் ஒரு தாளுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அது மட்டும். சிவப்பு மையில் குளித்த தாளை எந்தப் பிள்ளையும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

பண்பாட்டு வேறுபாடுகள்

பெரியவர்கள் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று பழகிய பிள்ளையிடம் 'என்னைப் பார்த்துப் பேசு' என்று அதட்டினால் அது குழம்பிப்போகும். ஆசிரியரிடம் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது என்று வளர்ந்த பிள்ளை 'எனி டவுட்ஸ்?' என்றதும் கை தூக்காது. இவற்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல், 'இந்த வகுப்பில் கேள்வி கேட்டால் எனக்குச் சந்தோஷம்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எழுதிப் போட ஒரு கேள்விப் பெட்டியும் வையுங்கள்.

எழுதத் தரும் தலைப்புகளை இரண்டு தரம் யோசியுங்கள். 'என் குடும்பம்', 'விடுமுறையில் எங்கே போனேன்' இரண்டும் எல்லாருக்கும் சாதாரணத் தலைப்புகள் இல்லை. ஊரை விட்டுத் தப்பி வந்த பிள்ளைகள் இருக்கலாம், அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளைகள் இருக்கலாம். 'எனக்கு முக்கியமான மூன்று பேர்' என்று மாற்றினால் பயிற்சி அதேதான், யார் மனமும் நோகாது. அதேபோல் ஒரு பிள்ளையைப் பார்த்து 'உங்கள் நாட்டில் இதை எப்படிச் செய்வார்கள்?' என்று திடீரென்று கேட்காதீர்கள். அது ஒரு நாட்டின் பிரதிநிதி இல்லை. தன் வீட்டைப் பற்றிச் சொல்ல விரும்பினால் இடம் கொடுங்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் லூயிஸ் மோல் குழுவினர், ஆசிரியர்களையே மெக்சிகோ வழி மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பி, அங்கே விவசாயம், கட்டுமானம், மருத்துவம், வணிகம் பற்றி எவ்வளவு அறிவு இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். 1992இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வீட்டுக்குப் போக முடியாவிட்டாலும், 'உன் வீட்டில் யாருக்கு எது நன்றாகச் செய்யத் தெரியும்?' என்று ஒரு கேள்வி கேட்கலாமே. தையல், சைக்கிள் பழுதுபார்ப்பது, மீன்வலை முடிவது என்று பதில் வரும். காகிதக் கப்பலுக்குப் பதில் அடுத்த பாடம் அதுவாக இருக்கட்டும்.

மதிப்பெண் போடும்போது

விளையாட்டு மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை பரீட்சையில் திணறினால், 'சோம்பேறி' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கம்மின்ஸ் 1979இல் இரண்டு வகை மொழித்திறனைப் பிரித்துக் காட்டினார்: அன்றாடப் பேச்சு ஒன்று, படிப்புக்கான மொழி இன்னொன்று. முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும். இரண்டாவதில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சிலருக்கு இன்னும் கூடுதல். 'பந்தை இங்கே போடு' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'இவ்விரண்டையும் ஒப்பிட்டு வேறுபடுத்துக' என்ற கேள்வியின் மொழி இன்னும் வரவில்லை. ஆகவே பேச்சு வந்துவிட்டது என்று உதவியை நிறுத்தாதீர்கள்.

விடைத்தாளில் இரண்டு எண்களாகப் போடுங்கள்: கருத்துக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. கணக்கு, அறிவியல் தேர்வுகளில் கேள்வியின் மொழியை எளிமையாக்குங்கள், கணக்கை எளிமையாக்காதீர்கள். கற்றல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வீட்டு மொழியில் சோதிக்காமல் எந்த முத்திரையும் குத்தக் கூடாது.

முன்னேற்றத்தைக் குறிக்க, ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் நிலைகளின் வர்ணனைகள் உதவும். 'எளிய முறையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும்' என்பது போல, பிள்ளையால் என்ன முடியும் என்று அவை பேசும். ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறு: மாதம் ஒருமுறை, ஒரே படத்தைக் காட்டி, ஒரு நிமிடம் பிள்ளை பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்வது. பெற்றோரின் அனுமதியோடு செய்யுங்கள், கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள், பள்ளிக்கு வெளியே பகிராதீர்கள். முதல் பதிவில் அமைதி மட்டுமே இருந்தாலும் அழிக்காதீர்கள்.

அந்தச் சிறுமியின் முதல் பதிவில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். ஆண்டுக் கடைசியில் அதையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவதில் அவள் 'வாட்டர் கோ அண்டர் தி கிரவுண்ட்' என்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தவள் பதிவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். 'கோஸ்' என்றாள். 'வாட்டர் கோஸ்.'